கோட்டுக்குப் பின்னால் இருக்கும் விலை

(கேரளத்தின் வித்துராவில் ரப்பர் விவசாயிகளும் வியாபாரிகளும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் குமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்காரன். 1956 நவம்பர் 1 வரை என் ஊரும் உங்கள் ஊரும் ஒரே மாநிலத்தில்தான் இருந்தன. எல்லை பிரிந்த பிறகும் எங்கள் ரப்பர் ஷீட்டுக்கும் உங்கள் ஷீட்டுக்கும் விலை ஒன்றுதான். கோட்டயத்தில் ரப்பர் வாரியம் ஆர்.எஸ்.எஸ். 4 தரத்துக்கு என்ன சொல்கிறதோ, அதைப் பார்த்துத்தான் வித்துரா கடைக்காரரும் குலசேகரம் கடைக்காரரும் தராசைத் தூக்குகிறார்கள். அந்த விலை 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. 2016 பிப்ரவரியில் 100 ரூபாய்க்குக் கீழே போனது. 2024 ஆகஸ்டில் மறுபடியும் 240ஐத் தாண்டியது. ஒரு மரத்தை நட்டு ஏழு வருஷம் காத்திருந்து பால் எடுக்கிறவன் வாழ்க்கையில் இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலையை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி கிடைக்காதா என்ற ஏக்கம் நம் வீடுகளில் பழையது.

அந்த ஏக்கத்தோடுதான் இந்த ஊர்ப் பையன் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, ஃபியூச்சர்ஸ் பண்ண எந்த ஆப் நல்லது? இண்டிகேட்டர் நிறைய இருக்கணும்" என்றார். ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். சொல்ல மனம் வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஃபியூச்சர்ஸ் எனும் முன்பேர வர்த்தகம் நமக்குப் புதிதல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மலைகளில் விளையும் குருமிளகுக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில், யூதத் தெருவில், 1957லிருந்தே முன்பேர வணிகம் நடந்தது. இந்திய மிளகு, வாசனைப் பொருள் வணிகச் சங்கம் அதை நடத்தியது. வியாபாரிகள் ஒரே கூடத்தில் நின்று கூவி விலை பேசினார்கள். அங்கே விலை என்பது ஒரு மனிதரின் குரல். யார் கேட்கிறார், யார் விற்கிறார், அவர் கிடங்கில் சரக்கு இருக்கிறதா என்பதெல்லாம் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியும். 2000 பிப்ரவரியில் கொச்சியைச் சேர்ந்த ஜியோஜித் நிறுவனம் இணையம் வழியாகப் பங்கு வாங்கி விற்கும் வசதியைத் தொடங்கியது. இந்தியாவில் இதில் அவர்கள்தான் முன்னோடி. அதே ஆண்டு ஜூனில் மும்பையில் குறியீட்டெண் ஃபியூச்சர்ஸ் வந்தது. 2003ல் அகமதாபாத்தின் என்.எம்.சி.இ. சந்தையில் ரப்பர் ஃபியூச்சர்ஸ் வந்தது. குரலாக இருந்த விலை எண்ணாகி, எண் கோடாகி, கோடு இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் தொலைபேசிக்குள் வந்துவிட்டது.

கோடு வந்ததும் ஒன்று மறந்துபோனது. கோட்டுக்குப் பின்னால் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை ஒருவர் எங்கிருந்தோ எடுத்து உங்களுக்கு அனுப்புகிறார். தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் யார், எப்படி அனுப்புகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு செயலியில் நூறு இண்டிகேட்டர் இருக்கிறது, இன்னொன்றில் முந்நூறு இருக்கிறது என்பது எனக்குப் பொருட்டே அல்ல.

இண்டிகேட்டர் என்பது பழைய விலைகளை வைத்துப் போடும் கணக்குதான். ஒன்றைக் கையால் போட்டுப் பார்ப்போம். உங்களில் பலருக்கு ஆர்.எஸ்.ஐ. தெரியும். அமெரிக்காவின் வெல்லஸ் வைல்டர் 1978ல் எழுதிய புத்தகத்தில் அது வந்தது. ஏ.டி.எக்ஸ்., ஏ.டி.ஆர்., பாராபாலிக் எஸ்.ஏ.ஆர். எல்லாம் அதே புத்தகத்தில் வந்தவைதான். அவர் இயந்திரப் பொறியாளராக இருந்தவர். காகிதமும் சிறிய கணக்குக் கருவியும் வைத்து ஒவ்வொரு நாள் மாலையும் எழுதிப் போடக்கூடிய கணக்காகத்தான் அதை அமைத்தார். அதனால் நாமும் இப்போது எழுதிப் போடலாம்.

கணக்குக்காக ஒரு விலையை எடுத்துக்கொள்வோம். கடந்த 14 நாளில் ஏறிய நாட்களின் ஏற்றத்தைக் கூட்டினால் 14 ரூபாய். இறங்கிய நாட்களின் இறக்கத்தைக் கூட்டினால் 7 ரூபாய். சராசரி ஏற்றம் 1, சராசரி இறக்கம் அரை. ஏற்றம் இறக்கத்தைப் போல இரண்டு மடங்கு. சராசரி ஏற்றத்தை, இரண்டு சராசரிகளின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்குவதுதான் சூத்திரம். போட்டால் ஆர்.எஸ்.ஐ. 66.7. இந்த 14 நாளிலிருந்தே கணக்கைத் தொடங்கினால், இதுவரை எல்லாத் தளமும் ஒரே எண்ணைக் காட்டும். மறுநாள் விலை 3 ரூபாய் இறங்குகிறது. இப்போது கவனியுங்கள். வைல்டர் சொன்ன முறையில், பழைய சராசரியை 13ஆல் பெருக்கி, புதிய நாளைச் சேர்த்து, 14ஆல் வகுத்தால் 57.8 வருகிறது. சாதாரண எக்ஸ்பொனென்ஷியல் சராசரி முறையில், புதிய நாளுக்குப் பதினைந்தில் இரண்டு பங்கு எடை கொடுத்தால், 51 வருகிறது. பழைய நாளைத் தள்ளிவிட்டுப் புதிய நாளைச் சேர்க்கும் எளிய சராசரி முறையில், தள்ளிய நாள் 2 ரூபாய் ஏறிய நாளாக இருந்தால், 54.5 வருகிறது.

ஒரே சரக்கு, ஒரே விலை, ஒரே 14 நாள். மூன்று எண்கள். மூன்றுக்கும் திரையில் ஒரே பெயர்தான் எழுதியிருக்கும். வலையொளியில் ஒருவர் "ஆர்.எஸ்.ஐ. 55க்குக் கீழே போனால் விற்றுவிடு" என்று சொல்லிக்கொடுக்கிறார் என்று வையுங்கள். அவர் தளத்தில் விற்க வேண்டிய நேரம் வந்துவிட்டது, உங்கள் தளத்தில் வரவில்லை. இருவரில் ஒருவரும் தவறு செய்யவில்லை. கணக்கு எந்த முறையில் போடப்படுகிறது என்று தளம் எழுதி வைத்திருக்கிறதா, அதை நீங்கள் படித்தீர்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. வைல்டர் முறையில் பழைய நாட்களின் சாயல் முழுவதுமாக மறைவதே இல்லை. ஆகவே ஒரு தளம் 30 நாள் விலையை ஏற்றிக் கணக்குப் போட்டால் ஒரு எண், இன்னொரு தளம் 300 நாளை ஏற்றினால் வேறு எண்.

தளத்தைப் பார்க்கப் போனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சூத்திரத்தைத் திறந்து காட்டுகிறாயா? டிரேடிங்வியூவில் பைன் ஸ்கிரிப்ட் என்ற மொழியில் பல இண்டிகேட்டர்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்கலாம். போலந்துக்காரரான தோமாஷ் யானெச்கோ உருவாக்கிய அமிபுரோக்கரில் நாமே சூத்திரம் எழுதலாம். நம் நாட்டுக் கணினித் திரைகளில் அது இருபது வருஷமாக ஓடுகிறது. மாறாக, "எங்கள் ரகசியச் சூத்திரம், பச்சை அம்பு வந்தால் வாங்கு, சிவப்பு அம்பு வந்தால் விற்றுவிடு" என்று விற்கப்படும் இண்டிகேட்டருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அவற்றில் பல, விலை போன பிறகு பழைய இடத்தில் அம்பை வரைந்துகொள்பவை. பின்னால் திரும்பிப் பார்த்தால் எல்லா அம்பும் சரியான இடத்தில் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அம்பு அங்கே இல்லை. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சந்தை நடக்கும்போது கால் மணிக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து வையுங்கள். மாலையில் அதே சார்ட்டைத் திறந்து ஒப்பிடுங்கள். இடம் மாறிய அம்பு ஒன்று இருந்தாலும் அந்தக் கருவியை அழித்துவிடுங்கள்.

சூத்திரம் சரியாக இருந்தாலும் அதற்குள் போகும் விலை சரியாக இருக்க வேண்டும். தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. காலை 9.15க்குத் திறந்து 3.30க்கு மூடுகிறது. மொத்தம் 375 நிமிடம். ஒரு மணி நேர விலையோட்டத்தை ஒரே கட்டமாகக் காட்டும் கேண்டில் என்றால் எப்படி வெட்டுவது? ஒரு தளம் 9.15லிருந்து 10.15 வரை வெட்டுகிறது, கடைசியில் 15 நிமிடக் குட்டிக் கேண்டில் மிஞ்சுகிறது. இன்னொன்று கடிகாரத்தைப் பார்த்து 10 மணிக்கு வெட்டுகிறது, முதல் கேண்டில் 45 நிமிடமாகவும் கடைசிக் கேண்டில் 30 நிமிடமாகவும் ஆகிவிடுகிறது. இரண்டிலும் ஏழு கேண்டில்கள்தான், ஆனால் கடைசிக் கேண்டிலைத் தவிர மற்றவற்றின் முடியும் விலைகள் எல்லாம் வேறு வேறு. இண்டிகேட்டர் முடியும் விலையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. நம் ஊர் அனுபவசாலிகள் 75 நிமிடக் கேண்டில் போடுவது இதனால்தான்: 375ஐ ஐந்தாக மிச்சமில்லாமல் வகுக்கலாம். தளத்தில் 75 என்று நாமே நேரத்தை எழுதிக்கொள்ள இடம் இருக்கிறதா என்பது சின்ன விஷயம்போல் தோன்றும். எனக்கு அது முந்நூறு இண்டிகேட்டரை விடப் பெரிது.

நாளின் முடிவு விலையிலும் இதே சிக்கல். ஃபியூச்சர்ஸில் அன்றாடத் தீர்வு விலை என்பது கடைசி அரை மணி நேர வணிகத்தின் எடையிட்ட சராசரி. உங்கள் கணக்கில் லாபநஷ்டம் அதன்படிதான் ஏறும். ஆனால் சில சார்ட்டுகள் கடைசியாக நடந்த ஒற்றை வணிகத்தின் விலையை முடிவு விலையாக வைத்துக்கொள்கின்றன. 3.29க்கு ஒரு குலுக்கல் வந்தால் கோட்டுக்கும் உங்கள் பணத்துக்கும் இடையே இடைவெளி விழுந்துவிடும்.

ஃபியூச்சர்ஸுக்கே உரிய இன்னொரு பள்ளம் உண்டு. பங்கின் சார்ட் பார்த்துப் பழகியவர்கள் இதில் விழுகிறார்கள். பங்குக்குச் சாவு இல்லை. ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்துக்குக் காலாவதி உண்டு. என்.எஸ்.இ.யில் குறிப்பிட்ட ஒரு மாதத்தில் முடியும் ஒப்பந்தம் பிறந்து முடிய மூன்று மாதம், வணிக நாட்கள் அறுபது சொச்சம். அந்த ஒப்பந்தத்தின் சார்ட்டில் 200 நாள் சராசரி போடச் சொன்னால் தளம் எங்கிருந்து 200 நாளைக் கொண்டுவரும்? பழைய ஒப்பந்தங்களை ஒன்றோடொன்று ஒட்டித்தான் கொண்டுவரும். முடியும் ஒப்பந்தம் 200 ரூபாயில் நிற்கிறது, அடுத்தது 206ல் நிற்கிறது என்றால், ஒட்டும் இடத்தில் 6 ரூபாய்ப் படி ஒன்று உருவாகிறது. அந்த 6 ரூபாயை யாரும் சம்பாதிக்கவில்லை. ஆனால் ஆர்.எஸ்.ஐ. அதைப் பெரிய ஏற்றம் என்று எண்ணிக்கொள்ளும். படியைத் தட்டி நிரவிவிடும் தளங்களும் உண்டு. அப்படிச் செய்தால் கோடு வழவழப்பாக இருக்கும், ஆனால் பழைய நாட்களில் நடக்காத விலைகள் சார்ட்டில் ஏறிவிடும். இரண்டில் எது நல்லது என்று கேட்டால், இண்டிகேட்டருக்கு நிரவிய சார்ட், ஆணை போட அந்தந்த மாத ஒப்பந்தத்தின் உண்மையான சார்ட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க விடும் தளத்தைத் தேடுங்கள். எந்த முறையில் ஒட்டியிருக்கிறோம் என்று சொல்லாத தளத்தில் நான் 200 நாள் சராசரியைப் பார்ப்பதே இல்லை.

இப்போது நம் ரப்பருக்கு வருகிறேன். 2008 மே 7 அன்று மத்திய அரசு சோயா எண்ணெய், கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு இவற்றோடு ரப்பர் ஃபியூச்சர்ஸையும் நிறுத்தியது. சார்ட்டில் ஒரு நாள் வரை கோடு இருந்தது, அடுத்த நாள் இல்லை. எந்த இண்டிகேட்டரும் அதை முன்னறிவிக்கவில்லை. அந்த ஆண்டு இறுதியில்தான் தடை விலகியது. என்.எம்.சி.இ. பின்னர் 2018ல் ஐ.சி.இ.எக்ஸ். என்ற சந்தையோடு இணைந்தது. 2022 மே மாதம் அந்தச் சந்தையின் அங்கீகாரத்தையே ஒழுங்குமுறை ஆணையமான செபி திரும்பப் பெற்றது. குருமிளகுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 2012 டிசம்பரில் கொச்சியில் என்.சி.டி.இ.எக்ஸ். சந்தையின் கிடங்குகளில் இருந்த பல ஆயிரம் டன் மிளகில் கனிம எண்ணெய் கலந்திருக்கிறது என்ற புகாரில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். சார்ட்டுக்கு விலை தெரியும். கிடங்கில் இருக்கும் மூட்டை அதற்குத் தெரியாது. மட்டாஞ்சேரிக் கூடத்தில் நின்ற பழைய வியாபாரிக்கு அது தெரிந்திருக்கும்.

ஒல்லியான சந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளொன்றுக்குச் சில லாட்டுகள் மட்டும் கைமாறும் ஒப்பந்தத்தின் ஐந்து நிமிடச் சார்ட்டைத் திறந்து பாருங்கள். பாதி இடத்தில் கேண்டிலே இருக்காது, மீதி இடத்தில் தட்டையான கோடு. ஒரே ஒருவர் அவசரத்துக்கு விற்றால் ஆர்.எஸ்.ஐ. பாதாளத்துக்குப் போய்விடும். அதை "அளவுக்கு மீறி விற்கப்பட்டது" என்று படித்து ஒருவர் வாங்குகிறார். விற்றவர் ஒருவர், வாங்குகிறவர் இவர், சந்தையில் மூன்றாவது ஆள் இல்லை. மறுபடி விற்க ஆள் தேடி அலைய வேண்டியதுதான். ஆகவே எந்தச் சரக்கானாலும் இண்டிகேட்டரைப் போடுமுன் அன்றைய வணிக அளவையும், முடிக்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். இரண்டையும் விலைக்குக் கீழேயே காட்டாத சார்ட் ஃபியூச்சர்ஸுக்கு ஆகாது.

இனி 2020 ஏப்ரல் 20ஆம் தேதியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தளம் என்பது என்ன என்று எனக்குப் புரிந்த நாள் அது.

கொரோனா ஊரடங்கு நேரம். வழக்கமாக நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் வரை நடக்கும் எம்.சி.எக்ஸ். சரக்குச் சந்தை அப்போது மாலை 5 மணிக்கே மூடிவிட்டது. ஏப்ரல் மாதக் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் முடிய வேண்டிய நாள் அது. மாலையில் விலை பீப்பாய்க்கு 965 ரூபாயில் நின்றது. சார்ட்டில் பார்த்தால் எண்ணெய் இதற்கு மேல் எங்கே இறங்கும் என்று தோன்றும். பல இண்டிகேட்டர்கள் "போதும், இனி ஏறும்" என்ற இடத்தில் இருந்தன. பலர் வாங்கி வைத்தார்கள். நம் சந்தை மூடிய பிறகு நியூயார்க்கில் விலை இன்னும் இறங்கியது. எண்ணெயை வைக்க இடம் இல்லை, வாங்கியவன் கொண்டுபோக முடியவில்லை. 10 டாலர், 5, 1, பூஜ்யம், அதற்கும் கீழே. அன்று தீர்வு விலை மைனஸ் 37.63 டாலர். எம்.சி.எக்ஸின் ஒப்பந்தம் அந்த விலையைப் பின்பற்றித் தீர்க்கப்படுவது என்பதால், இங்கே தீர்வு விலை மைனஸ் 2,884 ரூபாய். ஒரு லாட் 100 பீப்பாய். 965ல் ஒரு லாட் வைத்திருந்தவருக்கு நஷ்டம் 3,84,900 ரூபாய். அவர் முன்பணமாகக் கட்டியிருந்த மார்ஜின் தீர்ந்து, மேலே கடனும் விழுந்தது. விற்க நினைத்தாலும் சந்தை மூடியிருந்தது.

அமெரிக்காவிலேயே இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் என்ற பெரிய நிறுவனத்தின் தளத்துக்கு மைனஸ் விலை என்ற ஒன்றே தெரியவில்லை. திரையில் சரியான விலை வரவில்லை, ஆணைகள் போகவில்லை. வாடிக்கையாளர்களின் நஷ்டத்துக்கு அந்த நிறுவனம் ஈடு கட்ட வேண்டியதாயிற்று. 2021ல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அபராதமும் போட்டது. விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று மென்பொருளை எழுதியவர் நினைத்திருந்தார், அதனால் அந்த எண்ணுக்கு அவர் இடம் வைக்கவில்லை. சார்ட்டை லாக் அளவில் வைத்திருந்தவர்களுக்கு மைனஸ் விலையை வரையவே முடியாது, அது கணிதம். மருதாமலை ஐசர் அறிவியல் நிறுவனத்திலிருந்து வந்திருக்கும் மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் சொந்த அனுபவம் இதைவிடச் சிறியது, ஆனால் வலி சிறியதல்ல. பல வருஷங்களுக்கு முன், ஒரு மாலை, வெள்ளி மினியில் மூன்று லாட் வாங்கி வைத்திருந்தேன். ஒரு லாட் 5 கிலோ. விலை ஓர் அளவுக்குக் கீழே போனால் தானாக விற்கும் ஸ்டாப்லாஸ் ஆணையும் போட்டிருந்தேன். அமெரிக்காவிலிருந்து ஏதோ புள்ளிவிவரம் வரும் நேரம், சார்ட் நான்கு நிமிடம் அசையவே இல்லை. சந்தை அமைதியாக இருக்கிறது என்று நம்பி டீ குடிக்கப் போனேன். அசையாமல் நின்றது சந்தை அல்ல, எனக்கு விலை அனுப்பிய குழாய். திரும்பி வந்தபோது கிலோவுக்கு 900 ரூபாய் கீழே. ஸ்டாப்லாஸ் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டேன். அது சந்தைக்குப் போகவே இல்லை, என் கணினியில் இருந்த மென்பொருளுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. மென்பொருளுக்கு விலை வந்தால்தானே அது ஆணையை அனுப்பும்? 13,500 ரூபாய் போனது. அந்த மாதம் அப்பா ஷீட் விற்ற பணத்தில் பெரும்பகுதி அது. ஆகவே ஸ்டாப்லாஸ் எங்கே இருக்கிறது, உங்கள் கருவியிலா, புரோக்கரின் சர்வரிலா, சந்தையின் கணினியிலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சந்தையில் இருப்பதுதான் ஸ்டாப்லாஸ்.

சந்தையே நின்றுபோவதும் உண்டு. 2021 பிப்ரவரி 24 காலை 11.40க்கு என்.எஸ்.இ. முழுவதும் நின்றது. மாலை 3.45க்குத் திறந்து 5 மணி வரை நடந்தது. வித்துராவில் உங்களுக்கு இதைவிட அடிக்கடி வரும் தடைகள் உண்டு. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழையில் கல்லாறு பக்கம் ஒரு மரம் விழுந்தால் மின்சாரமும் போகிறது, இணையமும் போகிறது. தொலைபேசியில் அழைத்தால் ஆணையை ஏற்றுக்கொள்ள ஆள் உள்ள புரோக்கரைத் தேர்ந்தெடுங்கள். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கணக்கு தொடங்குமுன் ஒருமுறை அழைத்துப் பாருங்கள், எத்தனை நிமிடத்தில் எடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

சட்டப்படி எது தளம், எது தளம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தொலைபேசிக்குள் வெளிநாட்டுத் தங்கம், டாலர் என்று காட்டும் செயலிகள் வருகின்றன. சார்ட் அழகாக இருக்கும், இண்டிகேட்டர் கொட்டிக் கிடக்கும், நூறு மடங்கு லெவரேஜ் தருவதாகச் சொல்வார்கள். ஜப்பானில் 1952லிருந்து ரப்பர் ஃபியூச்சர்ஸ் நடக்கிறது, சிங்கப்பூரிலும் ஷாங்காயிலும் நடக்கிறது. நம் கோட்டயம் விலைக்கு அவற்றைப் பார்ப்பது நல்லதே. ஆனால் இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர் வெளிநாட்டுச் சந்தைக்கு மார்ஜின் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி விதிகள் இடம் தரவில்லை. அங்கீகாரமில்லாத அந்நியச் செலாவணித் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்து வெளியிட்டுவருகிறது. இந்தியச் சந்தையிலும் 2021 செப்டம்பர் முதல் முழு மார்ஜினையும் முன்கூட்டியே கட்டியாக வேண்டும். அதனால் "மார்ஜினில் ஒரு பங்கு மட்டும் போடு, பத்து மடங்கு வணிகம் பண்ணலாம்" என்று ஒரு செயலி சொன்னால், உங்கள் ஆணை சந்தைக்கே போகவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அது டப்பா வணிகம். அங்கே கோடு நிஜமாகவே இருக்கலாம், உங்கள் பணம் அந்தக் கோட்டில் இல்லை. செபியின் இணையதளத்தில் புரோக்கரின் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

அந்தப் பையன் கேட்ட பெயரை இனிச் சொல்கிறேன், என் அபிப்பிராயமாக. படிக்கவும் பழகவும் டிரேடிங்வியூவின் இலவசக் கணக்கு போதும். ஒரு யோசனையைப் பல வருஷ விலையில் ஓட்டிச் சோதிக்க அமிபுரோக்கரும், அங்கீகாரம் பெற்ற ஒருவரிடம் வாங்கிய விலைத் தொகுப்பும். ஆணை போட செபி பதிவு பெற்ற எந்த இந்தியப் புரோக்கரின் செயலியும் ஆகும். செரோதாவின் கைட் போன்றவற்றில் சார்ட்டும் உள்ளேயே இருக்கிறது. பார்ப்பது ஓரிடம், வாங்குவது ஓரிடம் என்று பிரித்து வைப்பதே நல்லது என்பேன். இரண்டு விலையும் ஒத்துப்போகிறதா என்று தினமும் கண் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் லாபம் வருமா என்று நீங்கள் கேட்பீர்கள். 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022, 2023, 2024 நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டப்பட்டார்கள். செலவையும் சேர்த்து ஆளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். மொத்தமாக 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, அதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வெளிநாட்டு நிறுவனங்கள் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதமும், சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் பெரிய நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் கணினி நிரல் போட்ட ஆணைகளால் வந்தவை. நம் ஆர்.எஸ்.ஐ.யை எதிரே இருக்கும் கணினி நமக்கு முன்னால் கணக்குப் போட்டு முடித்துவிடுகிறது. எல்லோரும் பார்க்கும் கோட்டில் நமக்கு மட்டும் தெரியும் ரகசியம் ஒன்றும் இல்லை.

2024 நவம்பரிலிருந்து குறியீட்டெண் ஒப்பந்தம் ஒன்றின் மதிப்பு 15 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்று செபி விதித்திருக்கிறது. சிறியவர்களை வெளியே நிறுத்தத்தான் அந்த விதி. அதை நான் ஆதரிக்கிறேன்.

நம்மிடம் இருக்கும் அறிவு வேறு. வித்துராவில் ரெண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவருக்குக் கோட்டயத்தின் எந்தக் கோடும் சொல்லாத விஷயங்கள் தெரியும். இந்த வருஷம் மழை எத்தனை நாள் வெட்டை நிறுத்தியது, புகைக்கூட்டில் எத்தனை கிலோ ஷீட் காய்கிறது, ஒட்டுப்பால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது. முன்பேரச் சந்தை உண்டானதே அவருக்காகத்தான்: மூன்று மாதம் கழித்து விற்க வேண்டிய சரக்கின் விலையை இன்றே கட்டிப்போட. கையில் சரக்கு வைத்துக்கொண்டு அதற்கு ஈடாக ஃபியூச்சர்ஸில் விற்றவர், விலை இறங்கினால் அங்கே பெறுகிறார், ஏறினால் இங்கே பெறுகிறார். அதற்கு இண்டிகேட்டர் எதுவும் வேண்டாம், ஆழமான ரப்பர் ஒப்பந்தம் ஒன்று வேண்டும். அப்படி ஒன்று நிலையாக இல்லாததுதான் என் பெரிய மனக்குறை. ஒரு விவசாயி ஒரு டன்னாகச் சேர்க்க முடியாவிட்டாலும் ஊர் ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் சேர்க்கலாம். 2022 ஜூனில் ரப்பர் வாரியம் தொடங்கிய எம்ரூப் மின்வணிகத் தளத்தில் ஷீட்டை நேராக விற்க முடிகிறது. அது ரொக்கச் சந்தைதான், ஆனால் பல ஊர்களிலிருந்து வாங்குகிறவர்களின் விலை அங்கே தெரிகிறது. முதலில் அந்தத் தளத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று இந்த ஊர்ச் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மேசையில் ரப்பர் வாரியம் வெளியிட்ட கடந்த முப்பது நாள் கோட்டயம் விலையை எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் பென்சிலும் கோடு போட்ட நோட்டுகளும் இருக்கின்றன. மாணவர்கள் ஆளுக்கு ஒரு விவசாயியோடு உட்காருங்கள், மூன்று முறையிலும் ஆர்.எஸ்.ஐ. கணக்குப் போட்டுப் பாருங்கள். இருட்டும் வரை நான் இங்கேதான் இருப்பேன்.